ஜூலைப் புல்

ஆட்டின் இரைப்பைக்குள் உறைந்து கிடந்தது
டெல்கெர்மாவின் மஞ்சள் நெய்.
கோடரி முனையால் ஒரு மூலையைப் பெயர்த்து
என் குப்பியில் போட்டாள்.
"ஜூலைப் புல்" என்றாள்,
விலாசம் சொல்வதைப் போல.

வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கூடாரத்துக்குள் சாணம் எரிந்தது.
பையன் வந்து நின்றான், மூன்று வயது.
இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே
என் முஷ்டி தாராளமாகப் போய்வந்தது.

"தினமும் கொடுக்கிறேன், டாக்டர்.
உப்புத் தேநீரில், மாவில்,
விரலில் தொட்டு நாக்கில்.
இவனுக்குக் கால் வளையலாமா?"
கேட்ட தோரணையில்
குற்றவாளி நான்.

தலைநகரத்து ஆய்வுக்கூடம்
பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டது.
ஏ ஏராளம்.
அதனால்தான் இருட்டியபின்னும் அவன்
கறுப்புக் குட்டியைக் காலைப் பிடித்து இழுத்து வருகிறான்;
மாலைக்கண் இந்தக் கூடாரத்துக்கு
வழி கேட்டதே இல்லை.
ஈ கொஞ்சம். கே கொஞ்சம்.
சி இல்லை, அது கொழுப்போடு ஒட்டாது.
டி-க்கு நேரே
ஒரு புள்ளி, சில சுழியங்கள்,
கடைசியில் கூச்சப்பட்டு நிற்கும் ஓர் எண்.

மாடு தின்ற பச்சையெல்லாம்
மஞ்சளாய் வந்து சேர்ந்திருக்கிறது.
வெயில்தான்
மாட்டின் முதுகோடு நின்றுவிட்டது.

இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை.
பனியில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது.
ஆனால் குளிர்காலத்தில் அது சாய்ந்து வந்து
தோலில் எதுவும் எழுதாமல் போகிறது.
மூன்று அடுக்குக் கம்பளிக்குள் இருக்கும் பிள்ளைக்குத்
தோல் என்று ஒன்று கன்னத்தில் மட்டும்.

சொன்னேன். சொட்டு மருந்தை நீட்டினேன்.
விளக்கருகே தூக்கிப் பார்த்தாள்.
"இது எந்த மாட்டினுடையது?"

"ஆட்டினுடையது.
ரோமத்தின் பிசுக்கை எடுத்து
விளக்கொளி காட்டிச் செய்கிறார்கள்."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.
அந்தப் பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு ஆடுகள்
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து
மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.
வெண்ணெயை வைத்துக்கொண்டு
நெய்க்கு அலைந்த கதை
அவள் மொழியில் உண்டா, தெரியாது.
சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள்.

"அப்படியானால் நெய்யை நிறுத்தவா?"
வேண்டாம்.
இந்தச் சொட்டும் கொழுப்பைத் துணைக்கு வைத்துத்தான்
உடம்புக்குள் நுழையும்.
அவனுக்கு ஒரு சிறு கரண்டி நெய், மேலே ஒரு சொட்டு.

அந்த நேரம் பார்த்து
அவள் கணவன் ட்செந்தாயூஷ்
தன் கிண்ணத்தில் நான்காவது துண்டைக் கரைத்தான்.
போன மாதம் அவன் ரத்த அழுத்தத்தைக் குறித்தவன் நான்.
நான் பார்த்தேன்.
அவள் பார்த்தாள்.

துண்டு பாதி கரைந்திருந்தது.
அவள் கரண்டியால் மீதியை எடுத்து,
ஊதி ஆற்றி,
ஒரு சொட்டு விட்டு,
பையனின் வாயில் வைத்தாள்.