பத்துக் கிலோ

கஸ்தூரியார் வீதியில் இது மூன்றாவது கடை.
வெறும் பை எதுவும் சுகமாய்த்தான் இருக்கும்.
பக்கத்துப் பலசரக்கில்
பத்துக் கிலோ மொட்டைக்கறுப்பனை
சாக்கோடு இரவல் வாங்கி வந்தேன்.
அமலதாஸ் அண்ணை சிரித்தார்.

மாட்டியதும் கழுத்தடி இழுத்தது.
இடுப்புப் பட்டியை
எலும்புக்கு மேலே வைத்து இறுக்க,
பாரம் மெல்ல இறங்கி
இடுப்பில் குந்திக்கொண்டது
அக்காவின் சின்னவன் மாதிரி.

ஏறிப் பார்க்க இங்கே மலை ஏது?
கடையின் மாடிப்படி, பதினாலு.
ஏறி இறங்கி
ஏறி
வேர்த்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
நீலம் நல்ல வடிவு,
என் முதுகைவிட நாலு விரல் நீளம்.
வேண்டாம்.
சாம்பல் நிறத்தின் சிப் கொஞ்சம் இறுக்கம்.
அது பழகும்.

"கனடாவோ, லண்டனோ?"
பில் எழுதியபடி கேட்டார்.
இந்த ஊரில் பெரிய பைக்கு
அதுதான் கேள்வி.

நக்கிள்ஸ் மலைக்கு அண்ணை, நாலு நாள்.
திங்கள் காலமை கந்தோர் இருக்கு.

பேனை நின்றது.
"அப்ப திரும்பி வருவியள்?"

சாக்கை வெளியே எடுத்தேன்.
ஐந்தாறு அரிசிமணி
பையின் அடித் தையலில் நின்றுவிட்டது.
நான் தட்டவில்லை.