இரண்டு முப்பிடாதி

ஹைகிரவுண்டிலிருந்து போன் வந்தபோது
சளி டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
டாக்டர் மெஹராஜ் பானு சுற்றி வளைக்கிறவர் இல்லை.
"நாங்குநேரி பாட்டில் ரெண்டு. ரெண்டும் மார்புக் கட்டி.
ஒண்ணு சாதாக் கட்டி. ஒண்ணு புற்று.
எது யாருதுன்னு நீங்கதான் சொல்லணும்."

நான்தான் சொல்லணும்.
பிளாஸ்டர் ஒட்டியது நான்,
நீல பால்பாயிண்டில் எழுதியது நான்,
அழகாகவே எழுதியிருந்தேன்.
இறுகாத மூடி வழியே கசிந்த பார்மலின்
பஸ் மூன்றடைப்பு தாண்டுமுன்னே
எழுத்தைக் கழுவிக் குடித்துவிட்டது.

சதை இருக்கிறது. பேர் இல்லை.

பேர் இருந்திருந்தாலும்தான் என்ன?
இரண்டும் முப்பிடாதி.
ஒருத்தி வீட்டுக்காரர் சுடலைமுத்து,
மற்றவள் வீட்டுக்காரர் சுடலையாண்டி.
ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே மேஜை.
வயது என்ற கட்டத்தில் இரண்டுக்கும் நாற்பது,
"நாப்பது இருக்கும்" என்று இருவருமே சொன்னதால்.

ஒருத்தி போன் போட்ட மறுநாளே வந்தாள்.
இன்னொருத்தியின் எண்ணில் ஒரு அரிசிக்கடைக்காரர்.
"அவுக பக்கத்து வீடு. மாறிப் போயாச்சே."

மூலைக்கரைப்பட்டிக்கு டிவிஎஸ்ஸில் போனேன்.
ஆடிக்காற்று வண்டியை ரோட்டோரம் தள்ளிக்கொண்டே வந்தது.
மூன்று தெரு விசாரித்து, நாலாவது தெருவில்
சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.
கை நிற்கவில்லை.
"திரும்பவும் வெட்டணுமா?
போன தடவ வெட்டுனத எங்க தொலச்சிய?"
தொலைக்கவில்லை, இருக்கிறது என்றேன்.
"இருந்தா பாத்துச் சொல்ல வேண்டியதுதான?"

பார்த்தாயிற்று, தாயே.
மெழுகில் உறையவைத்து
முடியைவிட மெல்லிசாகச் சீவி
ஊதாவும் ரோஸும் ஏற்றிப் பார்த்தாயிற்று.
மைக்ரோஸ்கோப்புக்கு ஒவ்வொரு அணுவும் தெரியும்.
அது முப்பிடாதி என்பது மட்டும் தெரியாது.

இதில் எதையும் சொல்லவில்லை. "என் தப்பு" என்றேன்.
கையிலிருந்த கட்டுக்கு நூல் சுற்றி முடித்தாள்.
"நாளைக்கு வாரேன். இன்னைக்கு கடையில கணக்கு."

தியேட்டர் வாசலில் ஒரே பெஞ்சு.
"ஒம் பேரென்னக்கா?" என்றாள் ஒருத்தி.
மற்றவள் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு.
நான் உள்ளே போய்விட்டேன்.

"பென்சிலால எழுதுங்க" என்றிருந்தார் டாக்டர்.
"சின்னத் தாள்ல எழுதி பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்க.
பார்மலின், ஸ்பிரிட், எதுலயும் அழியாது."
இரண்டு வருஷம் டிப்ளமோ படித்தேன்,
யாரும் சொன்னதில்லை.
அல்லது சொன்ன அன்றைக்கு நான் கட் அடித்திருப்பேன்.

ஐந்து ரூபாய்ப் பென்சில்.
தியேட்டரில் கழித்த பிளேடால் சீவி எழுதினேன்:
முப்பிடாதி, க/பெ சுடலையாண்டி, இடது, எண் 212.
முப்பிடாதி, க/பெ சுடலைமுத்து, வலது, எண் 213.

212.
மூலைக்கரைப்பட்டி.
மொத்தம் நாற்பத்தொரு நாள்.
அதில் இருபத்துநாலு என் கணக்கு.

இப்போது மருந்து ஏற்ற ஹைகிரவுண்டு போகிற வழியில்
சில நாள் இறங்கி எட்டிப் பார்ப்பாள்,
தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு.
வணக்கம் சொல்வாள்.
அதை வாங்கி எங்கே வைப்பது என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

வாயகன்ற பாட்டில் கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று.
பரிசீலனையில் இருக்கிறதாம்.
அதுவரை வள்ளியூர்ச் சந்தையில்
ஊறுகாய் பாட்டிலாகப் பார்த்து நானே வாங்குகிறேன்,
மூடியைத் திருகித் திருகிப் பார்த்து.
கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

இரண்டு பத்து பஸ்ஸில்
கண்டக்டர் அருள் செல்வின் பையை வாங்கி
தன் சீட்டுக்கடியில் நிமிர்த்தி வைக்கிறார்.
முன்பெல்லாம் "எத்தனை பாட்டில்?" என்பார்.
"எத்தனை பேரு?" என்கிறார் இப்போது.
நாலு, என்றேன் இன்றைக்கு.
விசில் கொடுத்துவிட்டார்.
ஐந்து என்று ஞாபகம் வந்து
பஸ் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன்.