சிக்கும் கேமரா

பேட்டைத் தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்கு
இடப்பக்கம் ஐஸ் கம்பெனி, வலப்பக்கம் அப்பளம்.
நடுவில் மூன்று பேர் கேமரா செய்கிறோம் என்றால்
கொரியர்காரன்கூட நம்புவதில்லை.
"ரிப்பேரா அண்ணாச்சி?"
"செய்யுதோம்லே" என்பார் காஜா முகைதீன்,
கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்காமல்.

முதலில் பாஸ்போர்ட் படத்துக்கு நாலு லென்ஸ் பெட்டி.
ஒரே அமுக்கில் நாலு முகம்.
தென்காசி வரை நாற்பத்தியொரு ஸ்டூடியோ வாங்கின.
பிறகு எல்லார் சட்டைப்பையிலும் போன்.
கடைசிப் பெட்டியைத் திருப்பித் தந்த வீரவநல்லூர்க்காரர்
முன்பணத்தையும் கேட்டார்.
நியாயம்தான், கொடுத்தோம்.

ஜப்பானில் பெரிய கம்பெனிகள் என்ன செய்கின்றன என்று
ஜெபசீலி படித்துச் சொல்வாள்:
சின்ன கேமராவை நிறுத்திவிட்டார்களாம்,
விலையை ஏற்றி எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்களாம்.
"நாம மாசத்துக்கே ஒம்பதுதான்" என்றேன்.
"இன்னும் எங்க கொறைக்க?"

ஆயிரத்துக்குக் கீழே சென்சார் தரமாட்டான் சீனாக்காரன்.
கோயம்புத்தூரில் பொம்மை ட்ரோன் செய்து நொடித்த ஒருவனிடம்
அறுநூறு கிடந்தது.
புளி வாங்குவதுபோல் பேரம் பேசி வாங்கினோம்.
அது தீர்ந்தால் என்ன செய்வதென்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும்.

பிறகுதான் போர்வெல்லுக்குள் இறங்குகிற இது.
கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருத்த எவர்சில்வர் உருளை,
சுற்றி எட்டுப் பொடி விளக்கு,
வண்ணார்பேட்டை மோட்டார் கடையின் ரப்பர் வளையம்,
ஐநூறு அடி வயர்.
யார் முகமும் இதில் விழாது.
சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.
எங்கும் உரசாமல் வழுக்கி இறங்கவேண்டுமென்று
இரண்டு மாதம் இழைத்தார் காஜா முகைதீன்.

மூலைக்கரைப்பட்டி தாண்டிப் பூலுடையார் வயலில்
நானூற்றுப் பன்னிரண்டாம் அடியில்
மோட்டார் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே
மாட்டிக்கொண்டது.
இழுத்தோம்.
ஐஸ் கம்பெனி லோடுமேனைக் கூட்டிப்போய் இழுத்தோம்.
வயர் அறுந்தால் பதினெட்டாயிரம் என்று
யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

வரவில்லை. ஆனால் படம் வந்துகொண்டிருந்தது:
கறுத்த பாறை, அதில் ஒரு விண்டல்,
விண்டலில் கழுத்து வேர்ப்பதுபோலத் தண்ணீர்.

பூலுடையார் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.
"கெடக்கட்டும்வே" என்றார்.
"படம் கலங்கலாத் தெரிஞ்சா தண்ணி அதுவரைக்கும் ஏறிட்டுன்னு அர்த்தம்.
அப்ப மோட்டாரப் போடுதேன்.
வெறும் குழியில ஓடி
ரெண்டு தடவ காயில் கருகிட்டு எனக்கு."
பாதிப் பணம் கையில், மீதி ஆடி கழிந்து.

அடுத்த மாதம் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மூன்று பேர்:
"பூலுடையாருக்குக் குடுத்தீங்கள்லா,
அந்தச் சிக்குற கேமரா."

காஜா முகைதீன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.
மூன்றாம் நாள் அரத்தை எடுத்து
அந்த வழவழப்பான உருளையின் விலாவில்
ஒரு கொக்கிக்கு இடம் ராவினார்.
பார்க்கப் பாவமாக இருந்தது.
ஜெபசீலி பில்லில் 'நிலைத்த வகை' என்று எழுதினாள்,
சிக்கும் வகை என்று எழுதினால்
வரிக்காரர்கள் கேள்வி கேட்பார்கள்.

மிச்சம் ஐநூற்று எழுபத்தியொரு சென்சார்.

நேற்று ராத்திரி பதினொன்றுக்குப் பூலுடையார் போன்:
"திரையில தவள உக்காந்திருக்குவே.
நானூறு அடியில இது எப்படி வந்துச்சு?"
நான் போனைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

காஜா முகைதீன் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.
"தவள கெடக்கட்டும்.
பச்ச பச்சையாத் தெரியுதான்னு கேளு."