இரண்டு துளை உயரம்

நாலரைக்குக் கடைசிப் பேஷன்ட் போன பிறகு
இணைகம்பிகளின் பூட்டாணியைக் கழற்றி
இரண்டு துளை உயர்த்துகிறேன்.
பகலில் அது மற்றவர்களின் இடுப்பளவு.

பெருவிரலுக்குப் பிளாஸ்ரர், சின்னவிரலுக்குப் பஞ்சு,
புண்ணுக்குக் கட்டும் துணியில் ஒரு முழம்.
பதிவுப் புத்தகத்தில் எழுதித்தான் எடுத்தேன்.
பிறகு அந்தச் சப்பாத்து:
வெளியே சாட்டின், உள்ளே பசையில் காய்ந்த சாக்கு.
தட்டினால் பலகைச் சத்தம்.

கம்பியைப் பார்த்து நிற்பது. இரண்டு கையும்.
முழங்கால் மடி. தரையைத் தள்ளு.
குதி எழும்பும், விரலடி மேடு எழும்பும்,
மிஞ்சுவது
ஐந்து ரூபாய்க் குற்றியளவு நிலம்.
அதன்மேல் ஐம்பத்திரண்டு கிலோ.
இறங்குவதுதான் கஷ்டம்,
முட்டைத் தட்டை இறக்கிவைப்பதுபோல.
பதினாறு தரம்.
ஒன்பதாவதில் நகம் பேசத் தொடங்கும்.

கொழும்பில் படித்த காலம்
சனிக்கிழமைகளில் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால்
நின்றேன், இருபத்துநாலு வயதில்.
வாசலில் காத்திருந்த அம்மாமார்
என்னை யாரோ ஒரு பிள்ளையின் ஆயா என்றே நினைத்தார்கள்.
இரண்டரை வருசம்.
பிறகு நியமனக் கடிதம்: மட்டக்களப்பு.
இரவு பஸ்ஸில் அந்தப் பையை
மடியைவிட்டு இறக்கவில்லை.
பரதம் படிக்க இந்த ஊரில் எத்தனையோ இடம்.
இதற்கு ஒரு கம்பிகூட இல்லை.
அதனால்தான் இந்தக் கம்பி.

பகலில் நான் சொல்வது:
'கம்பிய நம்பாதீங்க. அது துணைக்கு.
பாரத்தக் காலுக்குக் குடுங்க.'
சித்தாண்டிச் சோமேசன், முழங்காலுக்குக் கீழே பைபர்,
சொன்னவுடன் கையை எடுத்துவிடுவார்.
பொழுதுபட்டு, வாவியில் கடைசி வள்ளத்தின் எஞ்சின் போகையில்
என் விரல்மொழிகள் வெள்ளைவெளேரென்று
கம்பியில் இருக்கும்.

ஒரு செவ்வாய், பூட்டாணியை இறக்க மறந்துபோனேன்.
காத்தான்குடி றிஸ்மியா,
சீனி வருத்தத்தில் இரண்டு விரல் போனவள்,
பிடிக்கக் கை நீட்டினால் கம்பி நெஞ்சுக்கு நேரே நிற்கிறது.
'ஆருகா மிஸ் இந்த நெட்டப் பேஷன்ட்?'
'புதுசு' என்றேன்.
'எந்தக் கால் இல்ல?'
'ரெண்டும் இருக்கு.'
'அப்ப என்னத்துக்குகா கம்பி?'

ஆணியை இறக்கினேன். இரும்பு இரும்பில் உரசியது.
அவள் நடந்தாள், நாலு அடி, திரும்பி நாலு அடி.
விரல் இல்லாத இடத்தில் பாரம் போட அவளுக்குப் பயம்,
விரலில் மட்டும் பாரம் போட எனக்கு.
நல்ல சமன்பாடு என்று ஒரு கணம் நினைத்தேன்.
அவளுடையது புண். என்னுடையது ஆசை.
குனிந்து அவளுடைய செருப்புப் பட்டியைச் சரிசெய்தேன்.

வெள்ளிக்கிழமை சப்பாத்தின் மூக்குச் செத்துப்போயிற்று.
அமத்தினால் பழுத்த கொய்யாபோல் உள்ளே போகிறது.
புதுச் சோடியின் விலையில்
ஒரு மாத வீட்டு வாடகை போகும்.
அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

திங்கள் காலை, மேசைமேல் அது.
கால் செய்கிற அறை ரொசைரோ
சொக்கெட்டுக்கு ஊற்றிய பிசினில் மிஞ்சியதை
உள்ளே பூசிக் காயவைத்திருக்கிறார்.
யார் சொன்னது, எப்போது பார்த்தார், தெரியாது.
தட்டினேன். பலகை.
இங்கிருந்து போகும் ஒவ்வொரு காலிலும் கட்டும் அட்டை
இதிலும் தொங்கியது:
வலது, இடது.
திரும்பப் பார்க்கும் திகதி, மூன்று கிழமையில்.
பாவிப்பவர் பெயர் என்ற கோட்டின்மேல்
அவருடைய சாய்ந்த எழுத்தில்
நெட்டப் பேஷன்ட்.

இன்றைக்கு எழும்பியபோது வழுக்கியது.
பிசின் மணம் இன்னும் போகவில்லை.
கம்பியை இறுக்கிப் பிடித்தேன்,
விட்டேன்,
திரும்பவும் பிடித்தேன்.