பாலாற்றில் நெய்

தோட்டப்பாளையத்து மெஸ்ஸில் பரிமாறுகிறவன் நான்,
பெயர் எத்திராஜ்.
தெருவில் பாதி போர்டு வங்காளத்தில்.
மளிகைக்கடை முனுசாமி பேசுவது
மூன்று பாஷையைக் கரைத்த ஒரு நாலாம் பாஷை.
எனக்கு அது வராது.
காது மட்டும் வரும்,
அதுவும் கோணலாய்.

குல்னாவிலிருந்து வந்திருந்தார் பிரபாஸ் மண்டல்.
பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் வைத்து
அடிக்கடி நெஞ்சைத் தொட்டுக்கொள்வார்.
கூட அவர் மனைவி ஷெபாலி,
ஏழு மாதத் தலைவலியோடு.

உட்கார்ந்ததும் கேட்டார்:
"ஜொல் ஆச்சே?"
ஜொள்ளா!
திரும்பிப் பார்த்தேன்.
கல்லாவில் கோட்டீஸ்வரி அக்கா
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள், தன் பாட்டுக்கு.
"யோவ், சம்சாரத்த பக்கத்துல வச்சிகினு
இன்னா பேச்சுய்யா இது?"
அவர் சாதுவாய்ச் சிரித்து
காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

தண்ணீர் வைத்தேன்.
ஷெபாலி நெற்றியைப் பிடித்துக்கொண்டு
"மாதா பெத்தா" என்றாள்.
அக்கா கல்லாவை விட்டே எழுந்துவந்தாள்:
"யாரு பெத்தா? இன்னா கொழந்த?"
மாதா என்றால் அவர்களுக்குத் தலை,
பெத்தா என்றால் வலியாம்.
"வலி இல்லாம எவ பெத்தா?" என்றாள் அக்கா,
தான் கண்டுபிடித்ததுபோல.

என் லீவு நாளில் ஆஸ்பத்திரிக்குத் துணை போனேன்.
வரிசை தள்ளும் அட்டெண்டர் கேட்டார், எங்கே வலி?
"நாக்" என்றார் மண்டல்.
"நாக்க நீட்டு" என்றார் அட்டெண்டர்.
நீட்டினாள், பாவம்.
இல்லை இல்லை என்று தலையாட்டி
தன் மூக்கைத் தொட்டார் மண்டல்.
அப்புறம் யாரோ "முக்" என்றால் வாய் என்று சொல்ல,
அட்டெண்டர் எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு
டீ குடிக்கப் போனார்.

ஆனால் பெரிய கூத்து நெய்தான்.
ரசம் ஊற்றினால் "நுன் நெய்" என்பார்.
ஒரு கரண்டி நெய் விட்டேன்.
கையை வீசிக்கொண்டு மறுபடி "நெய், நெய்!"
இன்னும் ஒன்று.
இலையில் ரசம் மிதந்ததா, நெய் மிதந்ததா,
எனக்கே தெரியவில்லை.
அப்படியும் முகம் சுளிக்கிறாரே,
என்ன ஆசை இந்த மனுஷனுக்கு என்று
மூன்றாவதும் விட்டேன்.

ஆறாம் நாள் கணக்கு:
சாப்பாடு தனி, நெய் பத்தொன்பது கரண்டி தனி.
"டாகா நெய்" என்றார் மண்டல்,
சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டி.
"அதேதான்யா சொல்றேன், நெய்! நெய்க்குத்தான் காசு!"
"நெய்! நெய்!"
"ஆமாய்யா, நெய்!"
இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்
தெருமுனை வரைக்கும் கத்தினார்கள்.
முனுசாமி ஓடிவந்தார்.
"அக்கா, நெய்னா அவங்க பாஷைல இல்லன்னு அர்த்தம்.
மொதல்ல உப்பு இல்லன்னாரு.
இப்போ காசு இல்லன்றாரு."

அக்கா சீட்டைப் பார்த்தாள்.
பத்தொன்பது தடவை இல்லை என்றவருக்குப்
பத்தொன்பது தடவை வார்த்திருக்கிறோம்.
பேனாவை எடுத்து நெய்யை மட்டும் அடித்தாள்.
அன்றைக்கு நுனி இலையில்
உப்பை மலைபோலக் குவித்தேன்.

ஷெபாலிக்கு சைனஸ்தான், வேறொன்றுமில்லை.
காட்பாடிக்கு ஆட்டோவில் பையைப் பிடித்துக்கொண்டு
நானும் போனேன்.
பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்தது.
கீழே மணல், முள், ரெண்டு எருமை.
மண்டல் எட்டிப் பார்த்து மெதுவாய்ச் சொன்னார்:
"ஜொல் நெய்."
இந்தமுறை சரியாகக் கேட்டது.
ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு என்று
ஊரைப் பற்றி நாங்களே சொல்லிச் சிரிப்போம்.
பாலாறு என்று பேர் வைத்தவர்களுக்கு
கடைசியில் மிஞ்சியது நெய்.

ரயில் நகர்ந்தபோது
ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையாட்டி
"ஆஷ்சி" என்றார்.
ஆச்சு என்கிறார், எல்லாம் முடிந்தது என்கிறார்.
நானும் கூடவே ஓடி,
"ஆச்சு, ஆச்சு!" என்று கத்தி அனுப்பிவைத்தேன்.

ராத்திரி முனுசாமி கடையில் பீடி வாங்கும்போது கேட்டேன்.
பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னார்:
"போறப்ப சொல்றதுடா அது. 'வரேன்'னு அர்த்தம்.
நீ இன்னா சொன்ன?"