நலம் – பத்தொன்பது

எர்சுருமில் மார்ச்சிலும் பனிதான்.
பல் மருத்துவக் கல்லூரியின் நான்காம் மாடியில்
முகத்தெர் உறைபெட்டியைத் திறக்கிறாள்.
உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே எண்பது.
வெளியே பதினொன்றுதான்,
அதற்கே ஊர் அலுத்துக்கொள்கிறது.

குப்பிக்கு ஒன்றாய்த் தாள்கீற்று.
பல்லுக்கும் ஈறுக்கும் இடையில்
முப்பது விநாடி நின்றுவிட்டு வந்தவை.
அவை குடித்த ஈரத்தைத்
துளி என்று சொல்லவும் கூச்சமாயிருக்கும்.
ஆனால் அதற்குள்தான் இருக்கிறது
ஐயோ எரிகிறதே என்று
அக்கம்பக்கத்தை எழுப்பும் இன்டர்லூக்கின்.
தீயணைக்க ஓடிவந்து
சுவரையும் சேர்த்து இடித்துவிட்ட வெள்ளணுக்கள்.
அவை சிந்திப்போன நொதி,
பல்லை எலும்போடு கட்டிய நாரை
இழை இழையாய் அரிந்துகொண்டு.

நோயாளிகள் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள்.
நலமானவர்களுக்குத்தான் பஞ்சம்.
பத்தொன்பதாவதாய் வரவேண்டிய பெஹ்செத்
பனி வாரும் வண்டியோடு
மலைப்பாதையில் மாட்டிக்கொண்டான்.
‘நீயே உட்காரேன்’ என்றாள் டாக்டர் சேவிலாய்.
முப்பத்தெட்டு வயது. புகை இல்லை. நீரிழிவு இல்லை.
ஈறில் ரத்தம் வருமா?
வராது என்றாள் முகத்தெர்,
கேள்வி முடியுமுன்பே.
சேவிலாய்க்கு ஐந்தரை மணிப் பேருந்து.
முன்பற்களை மட்டும் அளந்துவிட்டு
கடைவாயில் கீற்றைச் செருகினாள்.

இந்த ஊரில் தேநீருக்குள் சர்க்கரை போடுவதில்லை.
கல்போன்ற கட்டியைக் கடித்து ஒரு துணுக்கைப்
பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு
அதன் மேல் தேநீரை ஓடவிடுவார்கள்.
மிச்சக் கட்டி தட்டில் இருக்கும்.
நான்கு வருடமாக அந்த மிச்சத்தின் ஓரத்தில்
மெல்லிய சிவப்பு.
நான்கு வருடமாக அவள் அதைக்
கடித்த பக்கம் கீழே இருக்கும்படி வைக்கிறாள்.

தொண்ணூற்றாறு குழிகள்.
முதலில் எல்லாம் நீலமாகும்.
அமிலம் விட்டதும் மஞ்சளாகும்,
நோய்க்குத் தக்க மஞ்சள்.
நலமானவர் வரிசை வெளுத்துக் கிடக்க
பத்தொன்பது மட்டும்
முட்டைக்கருபோல் விழித்தது.
குழாய் தவறியிருக்கும் என்று திரும்பச் செய்தாள்.
மறுபடியும் அதே கரு.
அதற்கு இவளை யாரென்று தெரியாது,
அதனால் பொய் சொல்லவில்லை.

நீறு பூத்த நெருப்பு என்போம்.
வலி இல்லை, வீக்கம் இல்லை,
சிரித்தால் அழகாகவும் இருக்கிறது.
ஈறு என்ற சொல்லுக்கு
முடிவு என்றும் ஒரு பொருள் உண்டு என் மொழியில்.
முகத்தெருக்கு அந்த மொழி தெரியாது.
தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள்,
கையால் வாயை மூடிக்கொண்டு.

இந்த முறை சேவிலாய் பேருந்தை விட்டுவிட்டாள்.
மூன்று, மூன்று, ஐந்து, ஆறு,
அளவுகோல் ஒவ்வொரு பல்லையும் சுற்றி
மில்லிமீட்டர் சொல்லிக்கொண்டு போனது.
நான்கு அமர்வு. மரத்த உதடு.
வேரோடு ஒட்டிக் கல்லாகியிருந்த அழுக்கு
கரண்டியில் கரகரத்து வந்தது.
திட்டுவாள் என்று காத்திருந்தாள் முகத்தெர்.
‘நானும் அவசரப்பட்டேன்’ என்றாள் மற்றவள்,
முகக்கவசத்துக்குள்ளிருந்து.

ஆறு வாரம் கழித்து இன்னொரு கீற்று.
இளமஞ்சள், எலுமிச்சை பிழிந்த தண்ணீரளவு.
முழுக்க வெளுக்கவில்லை.
எக்ஸ்ரேயில் எலும்பு
இறங்கிய இடத்திலேயே நின்றது.
ஏறி வராது. இனி இறங்காதிருந்தால் சரி.
நோயாளி வரிசையிலும் இடமில்லை,
நலமானவர் வரிசையிலும் இல்லை.
அட்டவணைக்கு அடியில் ஒரு வரி:
ஒருவர் விலக்கப்பட்டார்.

மே மாதம் பாதை திறந்ததும்
பெஹ்செத் வந்து உட்கார்ந்தான்,
காலணியில் உப்பும் சேறும்.
படிவத்தை முகத்தெர்தான் நிரப்பினாள்.
ஈறில் ரத்தம் வருமா?
‘அதெல்லாம் இல்லை, அக்கா.’
கேள்வி முடிந்திருக்கவில்லை.
அந்தக் கட்டத்தைக் காலியாய் விட்டுவிட்டு
அவனுக்கு ஒரு தேநீர் ஊற்றினாள்.
கட்டியைக் கடித்தான், குடித்தான்,
பனியைப் பற்றி ஏதோ சொன்னான்,
பேச்சோடு பேச்சாய்
மிச்சத்தைத் தட்டில் வைத்தான்,
கடித்த பக்கம் கீழே இருக்கும்படி.