பாதகம், பதினெட்டாயிரம்

கப்பலூர் சிட்கோ. அப்பளக் கம்பெனி.
மாதம் முடிந்து மூன்றாம் நாள்.
கீபோர்டெல்லாம் உளுந்து மாவு படிந்திருக்கும்,
எஃப் டூவில் மட்டும் படியாது.

கிலோ நூற்றிருபது என்று வைத்திருந்தோம்.
முதலாளியின் மச்சினர் தவமணிராஜன்
நூற்றுப் பன்னிரண்டுக்கே பிடித்துவிட்டார்.
எட்டு ரூபாய் மிச்சம்,
இரண்டாயிரத்து நூற்றைம்பது கிலோவுக்கு:
பதினேழாயிரத்து இருநூறு.
இஃப் ஃபார்முலாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது
இரண்டே வார்த்தை.
பச்சையில் எழுதியது: சாதகம்.
மச்சினருக்கு அரைக் கிலோ பால்கோவா வந்தது.

கீழ்க் கட்டம்.
போட்ட அப்பளத்துக்கு இரண்டாயிரம் கிலோ போதும்.
நூற்றைம்பது கூடப் போயிருக்கிறது.
நூற்றிருபதால் பெருக்கு.
பதினெட்டாயிரம், சிவப்பு.
பொறுப்பு: தேய்ப்புப் பிரிவு, ஒச்சம்மா, முப்பத்தொரு பேர்.

"கூலியில பிடிச்சிருங்க" என்றார் முதலாளி,
கட்டத்தைப் பார்த்தபடி,
ஜாதகம் பார்க்கிறவர் மாதிரி.

மதியம் ஒச்சம்மா வந்தாள்.
ஒரு பிடி உளுந்தைக் கீபோர்டு மேலேயே கொட்டினாள்.
பாதி பொக்கு.
"இதுல பசை எங்கண்ணே இருக்கு?
தேச்சா விரியுது, காஞ்சா வெடிக்குது.
ஒங்க பொட்டியில இதுக்கு ஒரு கட்டம் கெடையாதா?"

கிடையாது.

ஆறு மணி பஸ்ஸை விட்டேன்.
இரண்டையும் கூட்டினேன்: பாதகம், வெறும் எண்ணூறு.
பொறுப்புப் பத்தியில்
இரண்டு கட்டத்தையும் பிடித்து மெர்ஜ் கொடுத்தேன்.
மேலே இருப்பது மட்டும்தான் மிஞ்சும்,
சம்மதமா என்று கேட்டது.

மேலே இருந்தது தவமணிராஜன்.

ஓகே.

காலையில் முதலாளி திருத்தச் சொன்னார்.
எஃப் டூ அழுந்தவில்லை,
அடியில் ஓர் உளுந்து.